ஒரு முழக் கடல்

கடல் அறிவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று நான் படித்த காலத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. "அப்படியா! திமிங்கலத்தையெல்லாம் தொட்டுப் பார்த்திருக்கியா?" என்றுதான் கேட்டார்கள். நான் படித்தது காட் மீனின் காதுக்குள் இருக்கும் கல்லைப் பற்றி. வெட்டிய மரத்தில் வளையம் தெரிவதுபோல அந்தக் கல்லிலும் தெரியும். எண்ணினால் மீனின் வயது வந்துவிடும். படிப்பை முடித்துவிட்டு ஸ்கார்விகாவில் அம்மா வீட்டு மாடியறையில் படுத்துக்கொண்டு என் வயதை எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குக் கல் எதுவும் தேவைப்படவில்லை. அம்மாவே தினமும் காலையில் நினைவுபடுத்தினாள்.

அப்போதுதான் டிராம்ஸோ என்னும் வடக்குத் துறைமுக நகரத்திலிருந்து கூன்வோர் என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள். வடக்கே பாரெண்ட்ஸ் கடலில் மீன்வளம் கணக்கெடுக்கும் கப்பல் ஒன்றுக்கு அவள்தான் ஆள் எடுக்கிறாள்.

"மீனுக்கு வயசு பார்க்கத் தெரிஞ்ச ஆளு எங்களுக்கு அவசரமா வேணும் விக்டிஸ். இலையுதிர் காலம் முழுக்கக் கடல்லதான் இருக்கணும். வேலை புடிச்சிருந்தா நிரந்தரம். வர்றியா?"

"இப்பவே பையைத் தூக்கிட்டு வர்றேன்."

"நிதானமா வா. வரும்போது ஒரு மாசக் கடல் அனுபவத்துக்குச் சான்றிதழ் மட்டும் கொண்டு வந்துடு."

என்னிடம் ஒரு நாள் அனுபவம்கூட இல்லை. நான் படித்த வருடங்கள் முழுக்கப் பல்கலைக்கழகக் கப்பலை மேம்படுத்திக்கொண்டிருந்தார்கள். கடலைப் படமாகப் பார்த்தோம். நல்ல பெரிய திரை. வேறு கப்பல்களில் கேட்டால், ஏறுவதற்கே முன் அனுபவம் வேண்டும் என்றார்கள். அதை எங்கே போய் வாங்குவது என்று விசாரித்ததில், எங்கள் ஊரிலேயே கொடுக்கிறார்கள் என்று தெரிந்தது.

ஸ்கார்விகா துறைமுகத்தில் கண்ணாடிச் சுவரோடு நிற்கும் அந்தக் கட்டடத்துக்குக் கடல் எதிர்கால மையம் என்று பெயர். கடல் அறிவியல் படித்தவர்களுக்கு எதிர்காலம் உண்டு என்று சொல்வதற்காக அரசாங்கம் கட்டியது. உள்ளே நாற்பது பேருக்கு வேலை. அவர்களில் ஒருவர்கூடக் கடல் அறிவியல் படித்தவர் இல்லை.

இயக்குநர் ஹால்வார்ட் கம்பளிச் சட்டையும் கம்பளிக் காலுறையுமாக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என்னை ஹால்வார்ட்னே கூப்பிடு கண்ணு. இங்க யாரும் யாருக்கும் மேல இல்ல."

எங்கள் நாட்டில் பிரதமரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அதனால் நம்மை மிதிப்பது யார் என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

"எனக்கு ஒரு மாசக் கடல் அனுபவம் வேணும் ஹால்வார்ட்."

"அதுக்குத்தானே இருக்கோம்! நாளைக்கே கப்பல்ல ஏறு. இருபது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஒரு நாள்கூடக் கடல் என் வேலைக்கு இடைஞ்சலா இருந்ததில்ல."

அவர் சொன்னதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கப்பலின் பெயர் ஹாவ்பிலிக். வெள்ளை நிறம், நீலக் கோடு, பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. மறுநாள் காலை பன்னிரண்டு பட்டதாரிகள் மழைச்சட்டையோடு வரிசையாக ஏறினோம். என் பக்கத்தில் எஸ்பென் நின்றான். ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கியவன். எல்லோரும் ஏறியதும் ஏறுபலகையை உள்ளே இழுத்தார்கள். சங்கு ஊதியது. துறையில் நின்ற ஆள் கரைக்கட்டையில் சுற்றியிருந்த கயிற்றை ஒரு முழம் தளர்த்தினான். கப்பல் ஒரு முழம் நகர்ந்து நின்றது. ஹால்வார்ட் கைதட்டினார்.

"வாழ்த்துகள். இப்ப நீங்க கடல்ல இருக்கீங்க."

நான் எட்டிப் பார்த்தேன். கீழே அந்த ஒரு முழ இடைவெளியில் தண்ணீர் இருந்தது. ஒரு காகிதக் கோப்பையும் மிதந்தது.

"எப்பக் கிளம்புவோம்?" என்று கேட்டேன்.

"கிளம்பியாச்சே. விதி என்ன சொல்லுது? கப்பல் கரையைத் தொடாம மிதந்தா அது பயணம். நாம தொடல. டீசல் செலவு இல்ல, புகை இல்ல, மீனுக்குத் தொந்தரவு இல்ல. நாட்டுலேயே சுற்றுச்சூழலுக்கு இவ்வளவு நல்லது பண்ற ஆராய்ச்சிக் கப்பல் வேற கிடையாது. போன வருஷம் விருதே கொடுத்தாங்க."

"ஆனா நாம எதையும் ஆராய்ச்சி பண்ணலியே."

"அதனாலதான் விருது."

அன்று முதல் தினமும் அந்தப் பயணம் நடந்தது. காலையில் உயிர்காப்பு உடையை மாட்டிக்கொண்டு, கரையில் நாயை நடத்திக்கொண்டு போகும் கிழவர்களுக்குக் கையசைப்போம். பிறகு கடல் மயக்கப் பயிற்சி. அதற்கென்று ஆலோசகர் ஒருவர் இருந்தார், நாற்காலியோடு எங்களை இடம் வலமாகச் சாய்த்து, "இப்ப மனசுக்குள்ள என்ன தோணுது?" என்று கேட்பார். குமட்டுகிறது என்று சொன்னால் தேர்ச்சி. மத்தியானம் வாஃபிளும் பழுப்புச் சீஸும். சாப்பிட்டதும் ஒவ்வொருவராகக் கப்பலின் மூக்கில் போய் நின்று, ஐந்து வருடம் கழித்து நான் எங்கே இருப்பேன் என்று உரக்கச் சொல்ல வேண்டும். எதிரே துறைமுகத்துக் கழிப்பறை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நான் தினமும் "பாரெண்ட்ஸ் கடலில்" என்று சொன்னேன்.

கப்பலின் தலைவர் ஸ்டைனார், ஓட்டும் அறையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். இந்தக் கப்பலில் சேர்ந்த பிறகு கற்றுக்கொண்டாராம். இப்போது பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் முடித்துவிட்டு, பக்கத்து வீட்டாருக்குப் பின்னிக்கொண்டிருந்தார்.

முதல் வாரம் முடியும்போது எஸ்பென் நின்றுவிட்டான்.

"எங்கடா போறே?"

"மீன் பண்ணைக்கு. சால்மனுக்குப் பேன் எண்ற வேலை. மீனைத் தூக்கணும், ஒட்டியிருக்கிற பேனை எண்ணணும், திருப்பிப் போடணும்."

"முனைவர் பட்டம் வாங்கிட்டா?"

"அது இல்லாத ஆளைத்தான் முதல்ல தேடினாங்களாம். கிடைக்கலியாம். ஏய் விக்டிஸ், அங்க படகாவது நகருதுடி."

எனக்கு எரிச்சலாக இருந்தது. அவன் சொன்னது சரி என்பதால் இன்னும் எரிச்சல். ஆனால் எனக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். அது இருந்தால் வடக்கே போகலாம், கையில் மீனை எடுத்துக் கல்லைப் பார்க்கலாம், படித்த படிப்பைச் செய்யலாம். ஒரு மாதம் முட்டாள்தனத்தைப் பொறுத்துக்கொண்டால் வாழ்நாள் முழுக்கக் கடல். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்பாள்.

"இன்னைக்குக் கடல் எப்படி இருந்துச்சு?"

"அமைதியா இருந்துச்சும்மா."

அவள் வேலை பார்க்கும் மளிகைக்கடை துறைமுகத்துக்கு எதிரில்தான். கல்லாவில் உட்கார்ந்தால் கப்பல் முழுசாகத் தெரியும். இருந்தும் கேட்பாள். நானும் சொல்வேன்.

என் மாதம் முடியும் கடைசி நாளும் மையத்தின் பத்தாம் ஆண்டு விழாவும் ஒரே நாளில் வந்தன. அடுத்த திங்கட்கிழமை டிராம்ஸோ கப்பல் புறப்படுகிறது. கூன்வோர் எனக்குப் படுக்கை ஒதுக்கிவிட்டாள். அந்த ஒரு நாளைக் கடத்திவிட்டால் போதும். மாலையில் கையில் சான்றிதழ், இரவில் வடக்கே போகும் பேருந்து.

தலைநகர் ஆஸ்லோவிலிருந்து துணை அமைச்சர் வந்திருந்தார். பள்ளிப் பிள்ளைகளின் பித்தளை வாத்தியக் குழு சீருடையில் துறையில் நின்றது. மழை இல்லை, அதுவே அபூர்வம். காற்று மட்டும் மலைப்பக்கமிருந்து, மலைகளுக்கு நடுவே நீளும் ஃபியோர்டு என்னும் கடல்கழியின் வாயை நோக்கிப் பலமாக அடித்துக்கொண்டிருந்தது.

ஹால்வார்ட் பேசினார்.

"கடலில் வேலை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன். நீங்கள் கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்! பார்வையை விரியுங்கள். கடலைப் பற்றிய கூட்டங்கள் இருக்கின்றன. அந்தக் கூட்டங்களை ஒருங்கிணைக்கும் கூட்டங்கள் இருக்கின்றன. பத்து வருடத்தில் இந்தக் கப்பலில் இரண்டாயிரம் பயணங்கள் நடத்தியிருக்கிறோம். ஒரு விபத்து இல்லை. ஒருவர்கூட வழி தவறியதில்லை."

பலத்த கைதட்டல். அடுத்துப் பேசிய துணை அமைச்சர், தான் சின்ன வயதில் ஒரு நண்டு பிடித்ததாகவும் அதை உடனே விட்டுவிட்டதாகவும், அன்றிலிருந்து இந்தத் துறையின் மீது தனக்குத் தனிப் பற்று இருப்பதாகவும் சொன்னார். அதற்கும் கைதட்டினோம்.

நாடா வெட்டுவது பழைய முறை என்று ஹால்வார்ட் முடிவு செய்திருந்தார். அதற்குப் பதிலாகத் துணை அமைச்சரே தம் கையால் கயிற்றை ஒரு முழம் தளர்த்துவதாக ஏற்பாடு. நாங்கள் வழக்கம்போலக் கப்பலில் ஏறி நின்றோம். அவர் துறையில் குனிந்தார். கயிறு இறுகியிருந்தது. ஒரு முழம் என்றால் எவ்வளவு என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முழுசாகக் கழற்றி எடுத்து, பிடித்த மீனைக் காட்டுவதுபோலத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். புகைப்படக்காரர், பின்பக்கக் கயிற்றையும் யாராவது தூக்கிக் காட்டினால் படம் பொருத்தமாக இருக்கும் என்றார். ஹால்வார்ட் ஓடிப்போய் அதையும் கழற்றிக் காட்டினார். படம் எடுத்தார்கள். இருவரும் கயிறுகளைக் கீழே போட்டுவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு கப்பலுக்குள் தாவி ஏறினார்கள். ஏறுபலகை உள்ளே வந்தது.

கப்பல் நகர்ந்தது. ஒரு முழம் போனது. பிறகு இன்னொரு முழம் போனது.

துறையில் இருந்த கூட்டம் கையசைத்தது. பத்து வருடமாக அந்தக் கப்பலுக்குக் கையசைத்துப் பழகியவர்கள். வாத்தியக் குழு அணிநடை இசையை வாசித்தது; நாங்கள் தூரம் போகப் போகப் பிள்ளைகள் இன்னும் உரக்க வாசித்தார்கள். நாங்களும் கையசைத்தோம். மளிகைக்கடை வாசலில் அம்மா மட்டும் இரண்டு கைகளையும் ஆட்டி ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். பெருமையில் கத்துகிறாள் என்று நினைத்தேன்.

காப்பிக் கோப்பை மேசையில் தானாக நகர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஸ்டைனாரிடம் ஓடினேன்.

"கப்பல் போகுது!"

"தெரியுது."

"எஞ்சினைப் போடுங்க!"

அவர் பின்னலைக் கீழே வைத்தார். முகம் வெளுத்திருந்தது. "எங்க போய்ப் போடறது? எஞ்சின் இருந்த இடத்துலதானே இப்பக் கோட்டு மாட்டற அறை இருக்கு."

"நங்கூரம்?"

"மையத்து வரவேற்பறையில பார்த்தியே. தங்கக் கலர் அடிச்சு, சுவத்தோட சேர்த்து வெல்டிங் பண்ணிட்டாங்க."

கலங்கரை விளக்கைத் தாண்டியதும் திறந்த கடலின் அலை எங்களைப் பிடித்தது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, மறுபக்கம் சாய்ந்தது. வாஃபிள் தட்டுகள் வரிசையாகப் போய்ச் சுவரில் மோதின. முதலில் படுத்தவர் கடல் மயக்க ஆலோசகர். மனதுக்குள் என்ன தோன்றுகிறது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. துணை அமைச்சர் தன் உதவியாளரின் பைக்குள் வாந்தி எடுத்தார். ஹால்வார்ட் ஒலிவாங்கியை விடாமல் பிடித்துக்கொண்டு, "இது நிகழ்ச்சி நிரலில் இல்லை, தயவுசெய்து எல்லோரும் உட்காருங்கள்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கடலிடமாகவும் இருக்கலாம்.

எதிரே தட்டைப் பாறைகள் தெரிந்தன. அவற்றின் மேல் அலை உடைந்து வெள்ளையாகச் சிதறியது. கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். வாந்தியும் எடுத்தேன், உண்மையான வாந்தி. வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது உப்புத் தண்ணீர் முகத்தில் அறைந்தது. காற்று, கடற்பறவைகளின் கூச்சல், கீழே கரும்பச்சையாகப் புரளும் ஆழம். இதற்காகத்தானே படித்தேன் என்று தோன்றியது. சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே நான் சந்தோஷமாக இருந்தேன். இன்றுவரை அந்தச் சந்தோஷத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

எங்களை அங்கிருந்து மீன் பண்ணையின் துறைக்கு இழுத்துப் போனது பண்ணைப் படகு. அதன் மூக்கில் ஆரஞ்சு உடையில் எஸ்பென் நின்றுகொண்டிருந்தான். கயிற்றை வீசியபடி கத்தினான்.

"விக்டிஸ்! அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருக்கப் போறேன்னு சொன்னே?"

"கட்டுடா முதல்ல!"

பாறைக்கும் எங்களுக்கும் நடுவே நான் ஒரு கல்லை எறிந்தால் விழும் தூரம்தான் இருந்தது.

மறுநாள் காலை சான்றிதழுக்காக ஹால்வார்டின் அறைக்குப் போனேன். இரவுப் பேருந்து போய்விட்டது. அடுத்ததைப் பிடித்தாலும் திங்கட்கிழமைக்குள் போய்விடலாம். அவர் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவு பெரிய அனுபவம், இல்ல? ராத்திரி முழுக்கத் தூங்கல."

"ஆமா. சான்றிதழை வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அதுலதான் கண்ணு ஒரு சின்னச் சிக்கல். உனக்கு ஒரு நாள் குறையுது."

"எப்படிக் குறையும்? நேத்தோட முடிஞ்சுதே."

"நேத்தைய நாளைச் சேர்க்க முடியாது. அங்கீகரிச்ச பயணத்துக்கு ரெண்டு நிபந்தனை. கப்பல் கயித்துல கட்டியிருக்கணும். புறப்பட்ட இடத்துலயே முடியணும். நேத்து ரெண்டுமே நடக்கல."

"ஹால்வார்ட், நேத்துத்தான் நாம கடல்ல இருந்தோம்!"

"இருந்தோம். நான் மறுக்கல. ஆனா அனுமதி இல்லாம இருந்தோம்."

"அப்ப இன்னைக்கு ஒரு நாள் ஏறிக்கறேன். ஒரே ஒரு நாள்."

"கப்பலுக்கு சீல் வெச்சாச்சு. விசாரணை நடக்குது. கடலுக்குப் போன கப்பலாச்சே, சும்மா விடுவாங்களா?"

நான் அழுதேன். கோபத்தில்தான் அழுதேன், ஆனால் அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு மேசைமேல் இருந்த காகிதக் கைக்குட்டையை நீட்டினார். அதிலும் மையத்தின் சின்னம் அச்சடித்திருந்தது. கூன்வோரை அழைத்து நடந்ததெல்லாம் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு, "எனக்குப் புரியுது விக்டிஸ். ஆனா காப்பீட்டுக்காரங்களுக்குப் புரியாது. காகிதம் இல்லாம நான் ஏத்த முடியாதும்மா" என்றாள். எனக்கு ஒதுக்கிய படுக்கை பெர்கன் நகரத்து ஆள் ஒருவனுக்குப் போனது. அவன் கடல் அனுபவத்தைக் கணினி முன்னால் உட்கார்ந்து வாங்கியவன்.

விசாரணைக் குழு குளிர்காலம் முழுக்கக் கூடிக் கூடிக் கலைந்தது. விபத்துக்குக் காரணம் காற்று என்று கண்டுபிடித்தது. இனிமேல் இப்படி நடக்காமலிருக்க மையம் ஒரு நிரந்தரப் பதவியை உருவாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பதவியின் பெயர், முதுநிலை ஆலோசகர், கரை இணைப்பு. வேலை என்னவென்றால், கயிறுகள் கட்டையில் இருக்கின்றனவா என்று காலையும் மாலையும் பார்ப்பது. தகுதி, கடல் அறிவியலில் முதுகலைப் பட்டம்.

எண்பத்தேழு பேர் விண்ணப்பித்தார்கள். எஸ்பெனும் ஒருவன். எனக்கு முதல் இடம், அவனுக்கு இரண்டாம் இடம். தகுதி அதிகம் என்று அவனை ஒதுக்கிவிட்டார்கள்.

"உனக்கு அனுபவம் இருக்குல்ல, கப்பல் கழண்டு போறதை நேர்ல பார்த்தவ" என்றான் அவன், பொறாமையை மறைக்காமல்.

அம்மா அன்று பெரிய கேக்காக வாங்கி வந்தாள். "நிரந்தரமா?" என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் ஆமாம் என்றேன்.

"அப்புறம் ஏன்டி மூஞ்சியைத் தூக்கி வெச்சுருக்கே?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஓய்வூதியம் உண்டுதானே?"

"உண்டு."

"அப்பச் சாப்பிடு."

கடல் அறிவியல் படித்து இந்த மையத்தில் வேலை வாங்கிய முதல் ஆள் நான். வசந்த காலத்தில் வேலைவாய்ப்பு நாள் வந்தது. ஹால்வார்ட் என்னை மேடையில் ஏற்றினார். எனக்குப் பின்னால் திரையில் என் படம். கயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு தூரத்தைப் பார்க்கிறேன். கீழே பள்ளியை முடிக்கப்போகிற பிள்ளைகள் அரங்கு நிறைய உட்கார்ந்திருந்தார்கள்.

"விக்டிஸ் நம்மிடம் வெறுங்கையோடு வந்தாள். இன்று கடலில் அவளுக்கு நிரந்தரமான இடம் இருக்கிறது" என்றார் அவர். கைதட்டினார்கள்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். மீன்பிடி ஊர்க்காரி என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"நீ கடலுக்குப் போயிருக்கியா?"

நேரான கேள்வி. எல்லாவற்றையும் சொல்லிவிட அந்த ஒரு கணம் போதும். பாறை, உப்புத் தண்ணீர், எஸ்பென், கூன்வோர், கோட்டு மாட்டும் அறை. வாய் வரை வந்தது.

"ஒரு தடவை போயிருக்கேன்" என்றேன்.

"அது கணக்குல இல்ல!" என்றார் ஹால்வார்ட் ஒலிவாங்கியில் குனிந்து. அரங்கு வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சிரித்ததும் எனக்குச் சிரிப்பு தானாக வந்தது. சம்பளத்தோடு அதுவும் வந்துவிட்டது போலிருக்கிறது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் தப்பித்துவிடுவாள் என்று நினைத்தேன்; மனதுக்குள் சொல்லவும் சொன்னேன், ஓடிப்போ பெண்ணே, பண்ணையில் பேன் எண்ணு, வேறு எதையாவது படி.

கூட்டம் கலைந்ததும் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"ஒரு தடவையாவது போக முடியும்ல?" என்றாள். "எங்க அப்பா படகைப் போன வருஷம் வித்துட்டோம். எனக்கு ஒரு தடவை போனாக்கூடப் போதும்." பிறகு கடல் அறிவியல் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கும் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, என் சட்டைப்பையைக் காட்டினாள். "அந்தப் பேனாவைக் கொஞ்சம் தர்றியா?"

ஹால்வார்ட் தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். நான் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தேன்.